இச்சிகாவா ரைஸோவின் படங்களை எங்கே தொடங்கி, எப்படிப் பார்ப்பது?

ஒரு நடிகரின் வாழ்க்கையைப் படங்களின் வழியே அறிய விரும்புவோர், முதல் படத்தில் தொடங்கி ஆண்டு வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவது வழக்கம். ஜப்பானிய நடிகர் இச்சிகாவா ரைஸோவிடம் இந்த வழக்கம் செல்லாது. அவருடைய முதல் படம் 1954 ஆகஸ்டில் வெளிவந்தது. கடைசிப் படம் 1969 பிப்ரவரியில் வெளிவந்தது. இடைப்பட்ட பதினான்கரை ஆண்டுகளில் அவர் நடித்தவை 150-க்கும் மேல். அதாவது ஆண்டுக்குப் பத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றுள் பெரும்பாலானவை வாரம் தவறாமல் திரையரங்குகளுக்குப் புதிய படம் அனுப்ப வேண்டிய கட்டாயத்தில் ஒரு நிறுவனம் அவசரமாக எடுத்துத் தள்ளியவை. வரிசைப்படி பார்க்கத் தொடங்குபவர் 1956-ஐத் தாண்டுவதற்குள் சலித்துப்போய் விட்டுவிடுவார். சிறந்தவற்றை மட்டும் பொறுக்கிப் பார்ப்பவருக்கோ, அவர் எந்த நெருக்கடிக்குள்ளிருந்து அந்தச் சிறப்பை எடுத்தார் என்பது தெரியாமலே போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவே, சுமார் பன்னிரண்டு படங்களில் அவருடைய வாழ்க்கையையும் தொழிலையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

படத்தைப் போடும் முன்பு

முதலில் பெயர்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஜப்பானியப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் அதைப் புரட்டிப் போடுவார்கள். ஆகவே ‘ரைஸோ இச்சிகாவா’ என்றும் ‘இச்சிகாவா ரைஸோ’ என்றும் காணப்படுபவர் ஒருவரே. அவரை வைத்து மிகச் சிறந்த படங்கள் சிலவற்றை எடுத்த இயக்குநர் இச்சிகாவா கொன் அவருக்கு உறவினர் அல்லர். நடிகரின் ‘இச்சிகாவா’ கபுகி என்னும் ஜப்பானியப் பழைய நாடக மரபிலிருந்து வந்த மேடைப் பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய எட்டாவது ரைஸோ இவர்.

அடுத்தது படத் தலைப்புகள். ஒரே படத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. ‘நெமுரி கியோஷிரோ’ வரிசைப் படங்களை ஒரு பதிப்பாளர் ‘ஸ்லீப்பி ஐஸ் ஆஃப் டெத்’ என்பார், இன்னொருவர் ‘சன் ஆஃப் த பிளாக் மாஸ்’ என்பார். எனவே தேடும்போது ஜப்பானியத் தலைப்பு, வெளியான ஆண்டு, இயக்குநர் பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறித்துவைத்துக்கொண்டால் வேறு படத்தை வாங்கிவிட்டு விழிக்க வேண்டியதில்லை. இவர் பணியாற்றிய தாயேய் நிறுவனத்தின் பழைய படங்கள் இன்று கதோகாவா நிறுவனத்திடம் உள்ளன. வெளிநாட்டு வட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்து உரிமை பெற்று வருபவையே. தமிழில் சப்டைட்டில் கிடைப்பது அரிது என்பதால் ஆங்கில சப்டைட்டிலையே நம்ப வேண்டியிருக்கும்.

இரண்டு சொற்களையும் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். ‘ஜிதாய்கெகி’ என்பது பழங்காலத்தில், பெரும்பாலும் 1603 முதல் 1868 வரையிலான தொகுகாவா ஆட்சிக் காலத்தில் நிகழும் கதைகளைக் கொண்ட படங்களுக்குப் பொதுப்பெயர். ‘சான்பாரா’ என்பது அவற்றுள் வாள்சண்டையை முதன்மையாகக் கொண்ட வகை. ரைஸோவைச் சான்பாரா நடிகர் என்று மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால், அவருடைய சமகாலத்தவர் பலர் அவரைவிட வேகமாக வாள் வீசுவது கண்ணில் பட்டு ஏமாற்றம்தான் மிஞ்சும். அவருக்குக் கால்களில் வலு போதாது என்ற பேச்சு அப்போதே இருந்தது. அவரிடம் பார்க்க வேண்டியது வேறு.

முதல் மாலை: 71 நிமிடங்கள்

தொடங்க வேண்டிய படம் ‘கிரு’. ‘வெட்டு’ என்று பொருள், ஆண்டு 1962, இயக்கியவர் மிசுமி கென்ஜி, திரைக்கதை ஷிந்தோ கனெத்தோ. ஓடுவது 71 நிமிடங்கள்தான் என்பது இதை முதலில் வைப்பதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், ரைஸோவின் தொழில் வாழ்க்கை முழுவதையும் ஊடுருவிச் செல்லும் ஓர் இழை இதில் மிகத் தெளிவாகத் தெரிகிறது என்பது. கதைநாயகன் ஷிங்கோவின் தாய் ஒரு பிரபுவின் ஆசைநாயகியைக் கொன்றவள். அதற்காக அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்படுகிறது; நிறைவேற்றுபவன் அவளுடைய குழந்தைக்குத் தந்தையானவன். இது எதுவும் தெரியாமல் வேறொருவர் வீட்டில் பிள்ளையாக வளரும் ஷிங்கோ, உண்மையை அறியும் நாளிலிருந்து உயிரோடு இருந்தும் உலகத்தில் இல்லாதவனைப் போல நடமாடுகிறான்.

இரண்டு காட்சிகளை நிறுத்தி மறுபடியும் பாருங்கள். ஒன்று, வாளுக்குப் பதில் பூத்த மரக்கிளை ஒன்றைக் கையில் ஏந்தி ஷிங்கோ எதிரியை எதிர்கொள்வது. மற்றொன்று, இறுதியில் அவன் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போகும் அறைக் கதவுகள். இரண்டிலும் ரைஸோவின் முகத் தசை எதுவும் அசைவதில்லை. எனினும் அந்த முகத்தில் ஒன்றும் நிகழவில்லை என்று சொல்ல முடியாது. அசையாத முகத்தில் எப்படி உணர்ச்சி தெரிகிறது என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு வாழ்க்கை வரலாற்றுக்கு வாருங்கள்.

வாழ்க்கையை இங்கே படிக்கவும்

ரைஸோ 1931 ஆகஸ்ட் 29 அன்று கியோத்தோவில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அகியோ. ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே, ஒசாகா வட்டாரக் கபுகி நடிகரான மூன்றாம் இச்சிகாவா குதான்ஜியின் வீட்டுக்குத் தத்துப் போய் யோஷியோ ஆனார். 1946-இல், 15 வயதில், வேறொரு மேடைப் பெயருடன் கபுகி அரங்கேறினார். கபுகி உலகில் யார் வீட்டுப் பிள்ளை என்பதைப் பொறுத்தே வேடம் கிடைக்கும். வளர்ப்புத் தந்தை பெரிய பரம்பரையைச் சேர்ந்தவர் அல்லர் என்பதால் மகனுக்கும் பெரிய வேடங்கள் வரவில்லை. 1949-இல் தகெச்சி தெத்சுஜி என்ற விமர்சகர் இளம் நடிகர்களைத் திரட்டி, நாடகப் பிரதியைச் சொல் சொல்லாகப் பிரித்து உச்சரிக்கக் கற்றுக்கொடுத்து நடத்திய மேடை முயற்சியில் இவரும் ஒருவரானார். பிற்காலத்தில் திரையில் அவர் தாழ்ந்த குரலில் பேசும் ஒரு வாக்கியம்கூடத் தெளிவு இழக்காமல் இருப்பதற்கு அந்தப் பயிற்சியே அடிப்படை என்பது என் கருத்து.

1951-இல் மூத்த நடிகர் மூன்றாம் இச்சிகாவா ஜுகாய் இவரைத் தத்தெடுத்தார். எட்டாம் ரைஸோ என்ற பெயர் வந்தது; சட்டப்படியான பெயரும் இரண்டாம் முறையாக மாறியது. இருபது வயதுக்குள் மூன்று வீடுகள், மூன்று பெயர்கள். பெரிய வீட்டின் பிள்ளை ஆன பிறகும் மேடையில் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1954-இல் வசனமே இல்லாத ஒரு வேடம் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டில் தாயேய் நிறுவனத்தின் கியோத்தோ ஸ்டுடியோவிலிருந்து வந்த அழைப்பை ஏற்றுச் சினிமாவுக்கு வந்துவிட்டார்.

இப்போது ‘கிரு’வை நினைத்துப் பாருங்கள். பெற்றவர் யாரென்று அறியாமல் பிறர் வீட்டில் வளர்ந்தவன் என்ற இழை, அவருடைய முக்கியமான பாத்திரங்கள் பலவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. 1955-இல் ‘ஷின் ஹெய்கெ மொனொகதாரி’யில் தன் தந்தை மன்னரா, துறவியா, வளர்த்தவரா என்று தெரியாமல் தவிக்கும் தாய்ரா நோ கியோமொரி. 1962-இல் ‘ஹகாய்’ படத்தில், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்ததை வெளியே சொல்லக்கூடாது என்று தந்தையிடம் வாக்களித்த பள்ளி ஆசிரியர். 1965-இல் ‘கென்கி’யில், நாய்க்குப் பிறந்தவன் என்று ஊரார் ஏசும் ஹன்பெய். 1963 முதல் நெமுரி கியோஷிரோ. பார்க்கும்போது கையில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்திலும் நாயகனின் பிறப்பைப் பற்றி யார், எந்தக் கட்டத்தில் சொல்கிறார்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவைத்தால், ஆறாவது படத்துக்குள் உங்களுக்கே ஒரு வரைபடம் கிடைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தப் பாத்திரங்களை நடிகரின் சொந்தச் சோகத்தோடு நேராக முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. ‘கிரு’, ‘கென்கி’, கியோஷிரோ ஆகிய மூன்றுக்கும் மூலக்கதை எழுதியவர் ஷிபாத்தா ரென்ஸபுரோ என்ற ஒரே எழுத்தாளர். அவருடைய கதைகள் அன்று நன்றாக விற்றன. நிறுவனம் அவற்றை வாங்கியது. பாத்திரம் ரைஸோவுக்குப் பொருந்தியது உண்மை. அவருக்காகவே அளந்து தைத்தது என்று சொல்வதற்கு இடமில்லை.

தாயேய் என்னும் இயந்திரத்தைப் புரிந்துகொள்ளுதல்

இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டுப் படங்களுக்குப் போனால், ஏன் ஒரே ஆண்டில் ஒரு மகத்தான படமும் நான்கு சாதாரணப் படங்களும் இருக்கின்றன என்று குழம்ப நேரும். 1953-இல் பெரிய நிறுவனங்கள் ஐந்து கூடி, ஒருவர் ஒப்பந்தத்தில் உள்ள நடிகரை மற்றவர் இழுத்துக்கொள்ளக் கூடாது என்று உடன்பாடு செய்துகொண்டன. நடிகர் ஒருவர் நிறுவனத்தின் சொத்தைப் போல ஆனார். தாயேயின் தலைவர் நகாத்தா மசாயிச்சி. வெனிஸ் விழாவில் 1951-இல் தங்கச் சிங்கம் வென்ற ‘ரஷோமொன்’ இவருடைய நிறுவனத்தின் படம். ஒரு கையில் விழாக்களுக்கான படங்கள், மறு கையில் வாரந்தோறும் இரட்டைக் காட்சிக்கான படங்கள் என்று அவர் நடத்தினார். ஜப்பானில் திரையரங்குக்குச் சென்றோர் எண்ணிக்கை 1958-இல் உச்சத்தைத் தொட்டு ஆண்டுக்கு 112 கோடியைத் தாண்டியது. அதன்பின் தொலைக்காட்சியால் வேகமாகச் சரிந்தது. ரைஸோவின் தொழில் வாழ்க்கை அந்த ஏற்றத்தில் தொடங்கி இறக்கத்தில் முடிகிறது.

இவருடைய முதல் படமான ‘ஹனா நோ பியக்கோதாய்’ தான் கத்சு ஷிந்தாரோவுக்கும் முதல் படம். இருவரும் பிறந்தது 1931-இல். கத்சு ஷமிசென் இசைக் குடும்பத்திலிருந்து வந்தவர். ரைஸோ விரைவில் மேலே போனார். 1962-இல் பார்வையற்ற வாள்வீரன் ஸாத்தோயிச்சியாக வரும்வரை கத்சு பின்னாலேயே இருந்தார். பிறகு நிறுவனம் இருவரையும் இரு தூண்களாக வைத்துப் பிழைத்தது. ரசிகர்கள் இரண்டு பெயர்களையும் ஒட்டி ‘கத்சு-ரைஸ்’ என்று அழைத்தார்கள். பொரித்த இறைச்சியோடு சோறு வைக்கும் உணவக வழக்கத்தை நினைவூட்டும் வேடிக்கை அது.

இருவரையும் ஒரே படத்தில் பார்க்க விரும்பினால் 1959-இல் மோரி கஸுவோ இயக்கிய ‘ஹகுவோகி’ போதும். கத்சு இதில், தலைவனுக்காகப் பழிவாங்கிய 47 ரோனின்களுள் (தலைவனை இழந்த சாமுராய்களுள்) ஒருவராகப் பின்னாளில் சேரப்போகும் யசுபெய். ரைஸோ ஒரு கையை இழந்த தாங்கே தென்ஸென். இறுதிச் சண்டையில் தென்ஸென் எழுந்து நிற்கவே முடியாத நிலையில் இருக்கிறார். பனியில் படுத்தபடி, உருண்டபடி, ஒற்றைக் கையால் வாளைச் சுழற்றுகிறார். கால் வலு போதாத நடிகர் என்று சொல்லப்பட்டவருக்குக் காலையே பயன்படுத்த முடியாத சண்டை ஒன்றை அமைத்துக் கொடுத்தது தற்செயலா, திட்டமா என்று தெரியாவிட்டாலும், அவருடைய சண்டைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மை தீட்டிய முகமும் மை கழுவிய முகமும்

இனி ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சிக்கு வருவோம். ‘ஷின் ஹெய்கெ மொனொகதாரி’யையும் ‘எஞ்ஜோ’வையும் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் பாருங்கள். முதலாவது மிஸோகுச்சி கென்ஜி இயக்கிய வண்ணப் படம். அதில் ரைஸோவுக்கு அடர்ந்து தடித்த புருவங்கள் ஒட்டப்பட்டுள்ளன. 24 வயது இளைஞர் ஒருவர் 12-ஆம் நூற்றாண்டுப் போர்வீரனின் முரட்டுத்தனத்துக்குள் தன்னைத் திணித்துக்கொள்வது தெரிகிறது. துறவிகள் சுமந்து வரும் புனிதப் பல்லக்கின் மீது அவர் அம்பு எய்யும் காட்சியில் அந்த முயற்சி கைகூடிவிடுகிறது.

இரண்டாவது 1958-இல் இச்சிகாவா கொன் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். 1950 ஜூலை 2 அன்று கியோத்தோவின் தங்கக் கோயிலுக்கு ஓர் இளம் துறவி தீவைத்தார். அந்த நிகழ்ச்சியை ஒட்டி மிஷிமா யுகியோ எழுதிய நாவலே இதன் மூலம். படத்தில் கோயிலின் பெயர் ஷூககு என்று மாற்றப்பட்டது. அதுவரை அழகிய இளவரசர்களாகவும் வாள்வீரர்களாகவும் வந்தவர், தலையை மழித்து, திக்குவாய்ச் சிறுவனாக, ஒப்பனையின்றி, கசங்கிய சீருடையில் வருகிறார். நட்சத்திரத்தின் பெயரைக் கெடுக்கும் வேடம் என்று நிறுவனத்துக்குள் எதிர்ப்பு இருந்தது. படம் வந்தபின் ‘கினெமா ஜும்போ’ இதழின் சிறந்த நடிகர் விருதும் ப்ளூ ரிப்பன் விருதும் கிடைத்தன.

பார்க்கும்போது காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். திக்கிப் பேசுபவரை நடிக்கும் பெரும்பாலான நடிகர்கள் சொல்லின் முதல் எழுத்தில்தான் உழைப்பைக் கொட்டுவார்கள். ரைஸோவோ சொல் வருவதற்கு முந்திய மௌனத்தை நடிக்கிறார். வாய் திறக்கும் முன்பே தோள் சற்றே உள்வாங்குகிறது. அவரோடு நடிக்கும் நகதாய் தத்சுயா, கால் ஊனமுற்ற நண்பனாக, எதிர்த்திசையில் சென்று சரளமாகவும் கொடூரமாகவும் பேசுகிறார். தலைமைத் துறவியாக வரும் இரண்டாம் நகமுரா கன்ஜிரோவும் ஒசாகாக் கபுகியிலிருந்து வந்தவர்; மேடை மரபில் வளர்ந்த இருவர் மேடைத்தனம் துளியும் இல்லாமல் ஒரே அறையில் எதிரெதிரே அமர்ந்திருப்பதைக் காண இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒளிப்பதிவு மியகாவா கஸுவோ. அகலத் திரையில் அவர் ரைஸோவை எப்போதும் ஓரத்திலேயே வைத்திருப்பதாக எனக்குத் தோன்றும்.

அதே 1958-இல் இத்தோ தைசுகே இயக்கிய ‘பென்தென் கோஸோ’வில் பெண் வேடமிட்டு ஏமாற்றும் கபுகித் திருடனாக, மை தீட்டி, பட்டு உடுத்தி, மேடை நடையில் வசனம் பேசுகிறார். நேரம் இருந்தால் அதையும் இடையில் நுழைத்துக்கொள்ளலாம். ஒரே ஆண்டின் இரு முகங்கள் அவை. திரைக்கு வெளியே அவர் மூக்குக் கண்ணாடி அணிந்து அலுவலக ஊழியரைப் போல இருப்பார் என்றும், தெருவில் யாரும் அடையாளம் காணமாட்டார்கள் என்றும் உடன் பணியாற்றியோர் பலர் சொல்லியிருக்கிறார்கள். எழுதாத பலகை போன்ற அந்த முகத்தில்தான் இரண்டும் ஏறின.

வரிசைப் படங்களில் எதை எடுப்பது, எதை விடுவது

1962-இல் தொடங்கிய ‘ஷினொபி நோ மொனோ’ வரிசையில் எட்டுப் படங்கள் உள்ளன. முதலாவதை மட்டும் கட்டாயம் பாருங்கள். நிஞ்ஜாக்களை மாயாஜாலக்காரர்களாகக் காட்டிவந்த வழக்கத்தை உடைத்து, மேலிடத்தால் ஏமாற்றப்பட்டுச் சுரண்டப்படும் உளவுத் தொழிலாளிகளாகக் காட்டிய படம் அது. மூல நாவலை முராயமா தொமொயோஷி கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையில் தொடராக எழுதினார் என்பதும், இயக்குநர் யமமோத்தோ சத்சுவோ இடதுசாரி என்பதும் தெரிந்தால் படத்தின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். ரைஸோ இதில் ஜப்பானியக் கதைகளில் புகழ்பெற்ற திருடன் இஷிகாவா கொஎமொன். கறுப்பு உடையில் கூரைமேல் நகர்வது, மேலிருந்து நூல் வழியாக நஞ்சை இறக்குவது போன்றவற்றை இந்த வரிசையே பரவலாக்கியது. முதல் மூன்றும் கொஎமொனின் கதை. நான்காவதிலிருந்து நாயகனே மாறிவிடுவதால் அங்கே நிறுத்திக்கொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை.

‘நெமுரி கியோஷிரோ’ வரிசை 1963 முதல் 1969 வரை பன்னிரண்டு படங்கள். மதம் மாறிய வெளிநாட்டுப் பாதிரி ஒருவரால், சாத்தான் வழிபாட்டுச் சடங்கு ஒன்றில் வன்முறைக்கு ஆளான ஜப்பானியப் பெண்ணுக்குப் பிறந்தவன் கியோஷிரோ. சிவந்த கூந்தல், கறுப்புக் கிமோனோ, எதிலும் நம்பிக்கையின்மை. அவனுடைய வாள்முறைக்கு ‘எங்கெத்சு சப்போ’, அதாவது முழுநிலா வெட்டு என்று பெயர். வாள்முனை தாழ்ந்த நிலையிலிருந்து மெதுவாக ஒரு வட்டம் வரையும். வட்டம் முடியும்வரை எதிராளி பொறுத்திருப்பதில்லை.

முதல் படம் ‘சப்போச்சோ’வில் இந்தப் பாத்திரம் இன்னும் வேகவில்லை. ரைஸோ அதில் நல்ல பிள்ளையாகவே தெரிகிறார். கத்சுவின் அண்ணன் வகயமா தொமிசபுரோ, ஜோ கென்ஸபுரோ என்ற அப்போதைய பெயரில், சீனத் தற்காப்புக் கலைஞராக வந்து கவனத்தை எடுத்துக்கொள்கிறார். எனவே இரண்டாவதான ‘ஷோபு’வில் தொடங்குங்கள். இயக்கியவர் மிசுமி கென்ஜி; முதியவர் ஒருவருடன் கியோஷிரோ கொள்ளும் தோழமையால் இந்த வரிசையிலேயே கதகதப்பான படம் இதுதான். பிறகு இக்கெஹிரோ கஸுவோவின் நான்காவது படம் ‘ஜோயோகென்’. பிறப்பின் கதை இதில் விரிகிறது. வெறுமையும் வக்கிரமும் கலந்த அந்தத் தொனி இங்கேதான் நிலைபெறுகிறது. மறுபடி மிசுமியின் ஐந்தாவதும் எட்டாவதும். இந்த நான்கு போதும். பெண்கள் மீதான கொடுமை இந்த வரிசையில் கதைக்குத் தேவையான அளவைத் தாண்டிப்போகிறது. பத்துப் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு அது கசக்கும், கசக்கவும் வேண்டும்.

மிசுமியோடு ரைஸோ செய்தவற்றில் ‘கிரு’, ‘கென்’, ‘கென்கி’ மூன்றையும் வாள் முப்படம் என்று சொல்வார்கள். கதைத் தொடர்ச்சி கிடையாது. நடுவில் வரும் ‘கென்’ 1964-இல் எடுக்கப்பட்டது, மிஷிமாவின் சிறுகதை, சமகாலப் பல்கலைக்கழகக் கென்தோ (ஜப்பானிய வாள் விளையாட்டு) குழுவின் தலைவன் கதை. வரலாற்றுக் கால உடை இல்லாமலேயே ஒருவன் வரலாற்றுக் காலத்து மனத்தோடு வாழ முடியுமா என்று அந்தப் படம் கேட்கிறது. ‘கென்கி’யில் ஹன்பெய் பூச்செடி வளர்ப்பவன், குதிரையைவிட வேகமாக ஓடுபவன், முதிய ரோனின் ஒருவர் உறையிலிருந்து வாளை உருவும் வேகத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு கொலைக்கருவி ஆகிறவன். மலர்களின் வண்ணத்துக்காகவே இதை நல்ல பிரதியில் பார்க்க வேண்டும். மங்கிய இணையப் பிரதியில் பார்த்தால் பாதிப் படம் போய்விடும்.

கோட்டு அணிந்த ரைஸோ

வாள்வீரரைத் தேடி வந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிட நினைப்பார்கள். தாண்ட வேண்டாம். 1966-இல் மசுமுரா யசுஸோ இயக்கிய ‘ரிகுகுன் நகானோ கக்கோ’, போர்க்காலத்தில் ஒற்றர்களைப் பயிற்றுவித்த ராணுவப் பள்ளியின் கதை. பெயர், குடும்பம், காதலி எல்லாவற்றையும் துறந்து வேறொருவனாகும்படி இளைஞர்களுக்கு அங்கே கட்டளையிடப்படுகிறது. ரைஸோவின் சொந்தக் குரலே படம் முழுக்கக் கதை சொல்கிறது, ஏற்ற இறக்கமின்றி, கணக்கு ஒப்புவிப்பது போல. 1967-இல் மோரி கஸுவோவின் ‘அரு கொரோஷியா’வில் பகலில் சிறிய உணவகம் நடத்தி, இரவில் நீண்ட ஊசியால் கொலை செய்பவர். ஒளிப்பதிவு மறுபடியும் மியகாவா. கியோஷிரோவின் வாளை எடுத்துவிட்டு ஊசியைக் கொடுத்தாலும் அதே நிதானம் அப்படியே இருக்கிறது என்பதை இந்தப் படத்தில்தான் நான் கண்டுகொண்டேன்.

அதே ஆண்டில் மசுமுராவின் ‘ஹனாஓகா செய்ஷூ நோ த்சுமா’. 1804-இல் நோயாளியை மயக்க மருந்தால் முழுமையாக உணர்விழக்கச் செய்து மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் ஹனாஓகா செய்ஷூவாக ரைஸோ நடிக்கிறார். மருந்தைத் தம் உடலில் சோதிக்கும்படி போட்டி போடும் தாயும் மனைவியும்தான் படத்தின் மையம். தகமினெ ஹிதெகோவும் வகாஓ அயகோவும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, ரைஸோ பின்னால் ஒதுங்கி நின்று, எதையும் கவனிக்காதவர் போல இருந்துகொண்டு எல்லாவற்றையும் பெற்றுக்கொள்கிறார். நட்சத்திரம் ஒருவர் துணைப் பாத்திரத்தின் இடத்துக்குத் தானே இறங்குவது எப்படி என்பதற்காக இதைப் பாருங்கள்.

கடைசி இரண்டு படங்கள்

1968-இல் அவருக்கு மலக்குடலில் புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. சொந்தமாக ஒரு நாடகக் குழு தொடங்கும் எண்ணத்தோடு இருந்த காலம் அது. தேறி வந்து இரண்டு படங்களில் நடித்தார். 1969 ஜனவரியில் வந்த ‘அகுஜோ-காரி’ கியோஷிரோ வரிசையில் பன்னிரண்டாவது. இதைப் பார்க்கும்போது சண்டைக் காட்சிகளில் காமிரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். அண்மைக் காட்சிகளில் இருப்பவர் ரைஸோ. முழு உருவமும் தெரியும் தூரத்துக் காட்சிகளில் வாள் வீசுபவர் பெரும்பாலும் மாற்று நடிகர். கதையிலும் கியோஷிரோவின் பெயரில் கொலை செய்து திரியும் போலி ஒருவன் வருகிறான். இதைப் பார்த்துவிட்டு உடனே ‘ஷோபு’வின் ஒரு சண்டையைப் போட்டுப் பார்த்தால், உடல் எங்கே ஒத்துழைக்க மறுத்தது என்பது தெரியும். முகமும் குரலும் மட்டும் தளரவில்லை.

பிப்ரவரியில் வந்த ‘பகுத்தோ இச்சிதாய்’ சூதாடிகளின் கதை. அன்று போட்டி நிறுவனமான தோயேய் வெற்றிகரமாக எடுத்துவந்த வகையைத் தாயேய் நகலெடுத்தது. வரலாற்று நிறைவுக்காக வேண்டுமானால் பார்க்கலாம்; அவருடைய கடைசி நடிப்பு என்று மனத்தில் வைத்துக்கொள்ள ‘அகுஜோ-காரி’யே தகுதியானது. 1969 ஜூலை 17 அன்று, 37 வயதில், அவர் இறந்தார்.

கியோஷிரோ வரிசையைத் தொடர்வதற்காகத் தாயேய் அதே ஆண்டில் மத்சுகத்தா ஹிரோகி என்ற நடிகரைத் தோயேயிலிருந்து வரவழைத்து மேலும் இரண்டு படங்கள் எடுத்தது. அவற்றுள் ஒன்றின் முதல் 20 நிமிடங்களையாவது பார்த்துவிடுங்கள். உடையும் அதுவே, முழுநிலா வெட்டும் அதுவே. மத்சுகத்தா கால் ஊன்றி நிற்பதும் உறுதியாகத்தான் இருக்கிறது. குறிப்பேட்டில் பிறப்பைப் பற்றிய அந்த வரியை இந்தப் படத்துக்கும் எழுத முயன்று, எழுதவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா என்று பாருங்கள். இரண்டோடு அந்த முயற்சி நின்றுபோனது. 1971 டிசம்பரில் தாயேய் திவாலானது.